நாற்பது யூனிட்

லாரி ஓட்டுபவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘காலி’. கேட்டால் வசவு மாதிரி இருக்கும். ஆனால் அதில் பாதி மரியாதையும் உண்டு. பழைய இரும்புக் கிடங்கின் வாசலில் உள்ள எடைமேடையில் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். சரக்கோடு வண்டி ஏறும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அவசரத்தில் இருப்பவர்கள், “போன வாரம் போட்ட காலி எடையையே போட்டுக்குங்க சார், வண்டி என்ன இளைச்சா போயிருக்கும்” என்பார்கள். “டீசல் குறைஞ்சிருக்கும், ஏத்துங்க” என்பார் அவர், தலையைத் தூக்காமலே.

ஒருமுறை ஒரு டிரைவர் சரக்கு எடை போடும்போது தன் மச்சானை சீட்டுக்குப் பின்னால் படுக்க வைத்து, காலி எடைக்கு முன்னால் அவனை நைசாக இறக்கிவிட்டான். இவர் எழுந்து வெளியே வந்து, அந்த மச்சானைத் தேடிப் பிடித்து, தனியாக மேடையில் ஏற்றி நிறுத்தினார். மெஷின் எண்பது என்று காட்டியது. எண்பது கிலோவைக் கழித்துவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கிடங்கு முழுக்க ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான்.

பதினாறு வீடுகள் கொண்ட குடியிருப்பில் நான்காவது மாடியில் அவருக்கு வீடு. அங்கே அவரை எடைக்காரர் என்பார்கள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவரும் மனைவியும் மட்டும்தான். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்குத் தொண்டையில் முள் சிக்கிய மாதிரி இருக்கும். சங்கக் கூட்டங்களில் தன் வீட்டு கரண்ட் பில்லை எடுத்துக் காட்டிப் பேசியிருக்கிறார். “பதினாறு வீட்ல எங்க வீட்டு பில்லுதான் கம்மி. மனசு வச்சா எல்லாராலயும் முடியும்.” மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

முதல் மாடியில் ஒரு பெண் தன் வயதான அப்பாவோடு இருந்தார். பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். குடியிருப்பில் எல்லாருக்கும் பிசியோம்மா. மடக்குக் கட்டில், ரப்பர் பட்டைகள், மணல் மூட்டைகள், சின்ன மெஷின் ஒன்று, இத்தனையையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஆறு வருடம் அலைந்தவர், கடைசியில் கடன் வாங்கி ஒரு பழைய எலக்ட்ரிக் கார் வாங்கினார். பார்க்கிங்கில் இருந்த பொது பிளக்கில் சார்ஜ் போட்டுக்கொள்ளச் சங்கத் தலைவரிடம் அனுமதியும் வாங்கியிருந்தார்.

தலைவர் பெயின்ட் கடை வைத்திருப்பவர், வாய் பெரிது, மனசும் பெரிதுதான். “தாராளமா போடுங்கம்மா, வர்றதைப் பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

வந்ததைப் பார்த்தபோதுதான் சிக்கல். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாவற்றுக்குமான பொது மீட்டரில் அந்த மாதம் அறுநூற்று முப்பது யூனிட். அறுநூறு வரைக்கும் ஒரு ரேட். அதைத் தாண்டினால் தாண்டிய முப்பதுக்கு மட்டுமல்ல, மொத்த அறுநூற்று முப்பதுக்கும் அடுத்த மேல் ரேட். பில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அந்தப் பில்லை முதலில் சிவப்புப் பேனாவால் கோடிட்டுத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது எடைக்காரர்தான். “வண்டி வந்தப்புறம்தான் இது” என்று ஒரு வரியும் எழுதியிருந்தார்.

ஏறிய தொகை முழுவதையும் பிசியோம்மாவே கட்ட வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. இரண்டு மாதம் கட்டினார். மூன்றாவது மாதம் வீட்டில் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டு ரோட்டோர சார்ஜ் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார். பொது பில் பழையபடி நானூற்று அறுபத்தைந்து யூனிட்டுக்கு இறங்கியது. “பார்த்தீங்களா, வண்டி நின்னதும் பில்லும் இறங்கிருச்சு” என்றார்கள் எல்லோரும்.

அடுத்த கூட்டத்தில் பிசியோம்மா எழுந்து நின்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். “என் வண்டி எவ்வளவு கரண்ட் எடுக்குதுன்னு யாராவது சரியா கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அதை நான் குடுத்துடறேன். குத்துமதிப்பா சொல்றதைத்தான் தாங்க முடியல.”

பதினைந்து தலைகளும் எடைக்காரர் பக்கம் திரும்பின.

அவர் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் பார்க்கிங்கிலேயே சார்ஜ் போடச் சொன்னார். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன மீட்டரைத் தன் செலவில் மாட்டினார். தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கூட மாற்றாமல் நோட்டோடு இறங்கிவிடுவார். பிசியோம்மா காரின் திரையைப் பார்த்து பேட்டரிக்குள் எவ்வளவு போனது என்று படிப்பார்; இவர் மீட்டரைப் பார்த்துச் சுவரிலிருந்து எவ்வளவு வந்தது என்று எழுதுவார். இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. திரை ஐந்தரை என்றால் மீட்டர் ஆறேகாலைத் தாண்டியது.

“மிச்சம் எங்க சார் போச்சு?”

“சூடா போயிருக்கும். சார்ஜரைத் தொட்டுப் பாருங்கம்மா.”

தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. “வண்டிக்குள்ளயே போகாததுக்கும் நான்தான் குடுக்கணுமா?”

“செவுத்துலேர்ந்து எடுத்தது எல்லாத்துக்கும் நீங்கதான் குடுக்கணும்” என்றார். சொன்ன விதம் கொஞ்சம் கறாராகப் போய்விட்டதோ என்று அவருக்கே பட்டது. பிசியோம்மா தலையாட்டினார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சனிக்கிழமை ரோட்டோர நிலையத்துக்கும் கூடவே போனார். இரண்டு மெஷின் இருந்த இடத்தில் ஒன்றின்மேல் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. மற்றதில் முன்னால் இரண்டு வண்டிகள். யூனிட் விலை வீட்டு ரேட்டைப்போல மூன்று மடங்கு. எடைக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு நோயாளியின் வீட்டிலிருந்து பிசியோம்மாவுக்குப் போன் வந்தது.

“அம்மா, இன்னிக்கு வர முடியாது போலிருக்கு. நேத்து காட்டினேன்ல, அந்த மாதிரி அப்பாவோட கையை நீங்களே இருபது தடவை மடக்கி நீட்டி விடுங்க. வலிக்குதுன்னு சொன்னாலும் விடாதீங்க. ஆமா, நாளைக்குக் கண்டிப்பா.”

போனை வைத்துவிட்டு சீட்டில் சாய்ந்துகொண்டார். இந்த மாதத்தில் இப்படி எத்தனை தடவை என்று எடைக்காரர் கேட்டார். ஒன்பது என்றார்.

“இந்த நேரத்தையும் கணக்குல எழுதவா?”

“வேண்டாம் சார். அதை எழுதிப் பார்த்தா எனக்கு அழுகை வந்துடும். கரண்டை மட்டும் எழுதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்கை முடித்தார். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர், மாதத்துக்கு இருபத்தாறு நாள், ஆயிரத்து நாற்பது கிலோமீட்டர். சுவரிலிருந்து எடுப்பது நூற்று அறுபத்தைந்து யூனிட். கீழ் ரேட்டில் போட்டால், அதே தூரத்துக்கு ஆகும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு கூட வரவில்லை. அறுநூற்று முப்பதில் நூற்று அறுபத்தைந்து போனால் நானூற்று அறுபத்தைந்து. கார் வருவதற்கு முன்னால் இருந்த அதே எண். இன்னொருவராக இருந்தால் அத்தோடு நோட்டை மூடியிருப்பார். இவருக்கு அந்த நானூற்று அறுபத்தைந்தை அப்படியே நம்ப மனம் வரவில்லை. லிஃப்டுக்கு இவ்வளவு, மோட்டாருக்கு இவ்வளவு, விளக்குகளுக்கு இவ்வளவு, காவலாளியின் அறையில் ஒரு ஃபேன், ஒரு பல்பு. எப்படிக் கூட்டினாலும் நானூற்று இருபத்தைந்துக்கு மேல் வரவில்லை. நாற்பது யூனிட்டைக் காணோம்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் காவலாளியைக் கூட்டிக்கொண்டு மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றார். காவலாளி ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். லிஃப்டை நிறுத்தினார்கள். மோட்டார் ஓடவில்லை. விளக்குகளின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். காவலாளி தன் அறைக்கும் போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார். மீட்டரின் சிவப்புப் புள்ளி அசையாமல் இருக்க வேண்டும். அது விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. எண்ணினார்கள். நிமிடத்துக்கு ஐம்பத்து மூன்று. ஏழு மணிக்குச் சட்டென்று நின்றுவிட்டது.

“என்னங்க இது, நமக்குத் தெரியாம யாரோ எடுக்கறாங்க” என்றார் காவலாளி.

அலுவலுக்குப் போகும் வழியில் பெயின்ட் கடையில் நின்று தலைவரிடம் விஷயத்தைச் சொன்னார் எடைக்காரர். “காலையில ஏதோ ஒண்ணு ஓடுது. மாசத்துக்கு நாற்பது யூனிட். எங்கேன்னு தெரியல.” தலைவர் மோவாயைச் சொறிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி இறங்கக் கிளம்பியபோது, மனைவி குளியலறை வாசலில் கையை சுவிட்சில் வைத்தபடி கேட்டாள். “ஹீட்டர் போட்டுடறேன். ஏழு மணிக்குள்ள வந்துடுவீங்கல்ல?”

எடைக்காரர் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடியே நின்றுவிட்டார். தினமும் ஆறு இருபதுக்குப் போட்டு ஏழுக்கு அணைப்பாள். நாற்பது நிமிடம். பதினொரு வருடமாக அப்படித்தான்.

“இரு. இப்ப போடாதே. கீழ போயிட்டு போன் பண்றேன், அப்ப போடு.”

கீழே போனார். புள்ளி அசையவில்லை. போன் செய்தார்.

“போடு.”

சிமிட்ட ஆரம்பித்தது.

“அணை.”

நின்றது.

“இன்னொரு தடவை போடு.”

“விளையாடறீங்களா? தண்ணி எப்ப சுடும்?”

புள்ளி சிமிட்டிக்கொண்டிருந்தது.

மேலே வந்து சொன்னபோது மனைவிக்குப் புரியச் சற்று நேரமானது. பதினொரு வருடம் முன்பு குளியலறையை இடித்துக் கட்டியபோது வேலை பார்த்த எலக்ட்ரீஷியன், வீட்டு வயர் மெல்லிசாக இருக்கிறது என்று பக்கத்துக் குழாய்ச் சந்தில் மொட்டை மாடிக்குப் போகிற பொது வயரிலிருந்து இழுத்திருக்கிறான். சுவரைப் பூசி டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. யாருக்குத் தெரியும். பதினாறு வீடுகளில் இவர்கள் பில் மட்டும் குறைவாக வந்ததன் ரகசியம் அந்த டைல்ஸுக்குப் பின்னால் இருந்தது.

“தெரிஞ்சு செய்யலையே” என்றாள் மனைவி.

“இல்ல.”

“அப்புறம் என்ன? வயரை மாத்துங்க. நாற்பது யூனிட் இறங்கிட்டா அந்தப் பொண்ணு வண்டி போட்டாலும் அறுநூறைத் தாண்டாதுன்னு நீங்களே சொல்றீங்க. எல்லாருக்கும் நல்லதாப் போயிடும். இதைப் போய்க் கூட்டத்துல சொல்லிட்டு, நாளைக்கு எந்த முகத்தை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுவீங்க?”

அவள் சொன்னதில் தப்பு என்று எதையும் அவரால் எடுத்துக் காட்ட முடியவில்லை. அன்று முழுவதும் எடைமேடையில் உட்கார்ந்து அதையே புரட்டிக்கொண்டிருந்தார். நாற்பது யூனிட் இல்லாவிட்டால் ஐந்நூற்றுத் தொண்ணூறு. அதாவது ரேட்டை ஏற்றியது அந்தக் கார் இல்லை. காரும் ஹீட்டரும் சேர்ந்து. முதலில் வந்தது ஹீட்டர். ஒரு டிரைவர் சீட்டு கேட்டுக் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் அவருக்கு நினைவு திரும்பியது.

வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்து வயரை மாற்றினார். நாலு டைல்ஸ் உடைந்தது. வேலை முடிந்ததும் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இறங்கினார்.

பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எடைக்காரர் தாளைப் பார்த்துப் படித்தார். கார் எடுப்பது நூற்று அறுபத்தைந்து யூனிட். அதற்கு ஒரு தனி மீட்டர் வைத்துவிட்டால் சண்டையே இல்லை. மேல் ரேட் வந்ததற்கு கார் மட்டும் காரணமில்லை. இனிமேல் அறுநூறைத் தாண்டாது. படித்துவிட்டுத் தாளை மடித்தார். பிசியோம்மா முதல் தடவையாக முகம் தளர்ந்து அவரைப் பார்த்தார்.

“கார் மட்டும் காரணமில்லைன்னு அவர் சொல்றதோட அர்த்தத்தை நான் சொல்றேன்” என்று தலைவர் எழுந்தார். “காலையில திருட்டுத்தனமா நாற்பது யூனிட் ஓடிட்டு இருந்தது. எடைக்காரர்தான் கண்டுபிடிச்சார். பொது லைன்ல குடியிருக்கிறது யாரு? நம்ம காவலாளிதான். புதன்கிழமை நானே அவர் அறையைத் திறந்து, பெட்டியெல்லாம் பிரிச்சுப் பார்த்தேன். கரண்ட் அடுப்பு எதுவும் கிடைக்கல. எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பார். வெள்ளிக்கிழமையிலேர்ந்து மீட்டரும் சும்மா இருக்கு. பயந்துட்டார் பாருங்க. இந்த மாசத்தோட அனுப்பிடலாம்னு நினைக்கிறேன்.”

காவலாளி மோட்டார் அறை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். “என்கிட்ட அடுப்பே கிடையாதுங்க” என்றார். குரல் பாதியிலேயே நின்றது.

“திங்கட்கிழமை அவர் என் பக்கத்துலதான் நின்னார்” என்றார் எடைக்காரர்.

“உங்க பக்கத்துல நின்னா என்ன சார், உள்ள அடுப்பு பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.”

எடைக்காரர் எழுந்து நின்றார். எதிர் நாற்காலியில் மனைவி மடியில் இருந்த கையை மட்டும் லேசாக அசைத்தாள். வேண்டாம் என்றா, சொல்லிவிடுங்கள் என்றா, அவருக்குத் தெரியவில்லை.

“அது என் வீட்டு ஹீட்டர்” என்றார்.

இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் சிரித்தார், ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து. எடைக்காரர் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார், நின்றால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பதுபோல. டைல்ஸ், மொட்டை மாடி வயர், ஆறு இருபது, ஏழு மணி. மாதம் நாற்பது, பதினொரு வருடத்துக்கு ஐயாயிரத்து இருநூற்று எண்பது யூனிட். சமீபத்தில்தான் தெரிந்தது, வயரை மாற்றியாகிவிட்டது. “அந்தக் கார் அதை வச்சு முப்பத்திரண்டு மாசம் ஓடியிருக்கும். முப்பத்து மூவாயிரம் கிலோமீட்டர்” என்று சொல்லிவிட்டு, இதை யாரும் கேட்கவில்லையே என்று உணர்ந்து உட்கார்ந்தார்.

பிசியோம்மா எழுந்து வந்து தாளைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப ரெண்டு மாசம் நான் உங்க வெந்நீருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கேன்.”

“ஆமாம்மா.”

“ரோட்ல காத்துக் கிடந்தது தனி.”

“ஆமா.”

பிசியோம்மா தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நடக்க வேண்டியது எல்லாம் வரிசையாக நடந்தது. பிசியோம்மா கூடுதலாகக் கட்டியதைச் சங்கம் திருப்பிக் கொடுத்தது. காருக்குத் தனி மீட்டர் வந்தது. தலைவர் காவலாளியிடம், “மனசுல வச்சுக்காதீங்க” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பழைய ஐயாயிரத்துச் சொச்சம் யூனிட்டைச் சிலர் விட்டுவிடலாம் என்றார்கள். எடைக்காரர் ஒத்துக்கொள்ளாமல் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். மனைவி பத்து நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். யார் மேல் கோபம் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மாடிப்படியில் ஒருநாள் இரண்டு பேர் தன்னை ‘வெந்நீர்’ என்று பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அதுகூடப் பெரிதாகச் சுடவில்லை.

சுட்டது வேறொன்று. அன்று கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது காவலாளி பக்கத்தில் வந்தார்.

“சார், ஹீட்டர்னு உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

எடைக்காரர் ஒரு நாற்காலியை இன்னொன்றின்மேல் வைத்தார். “செவ்வாய்க்கிழமை.”

காவலாளி விரல் மடக்கி எண்ணினார். “என் பெட்டியைப் பிரிச்சது புதன்கிழமைங்க” என்றார். குரலில் கோபம் இல்லை, நாள் கணக்கைச் சரிபார்ப்பவர் மாதிரிதான் சொன்னார். “பெட்டியில என் சம்சாரத்தோட போட்டோ, பொண்ணு எழுதின நாலு லெட்டர். எல்லாத்தையும் உதறிப் போட்டு, கட்டிலுக்கு மேல அப்படியே விட்டுட்டுப் போயிருந்தாரு.”

“பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாதுங்க. தெரிஞ்சா சொல்லியிருப்பீங்க.” சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். சொல்லியிருப்பீர்களா என்று கேட்கிற பார்வை அது.

எடைக்காரர் வாயைத் திறந்தார். புதன், வியாழன், வெள்ளி, சனி. நாலு நாள் கையில் வைத்திருந்ததை என்னவென்று சொல்வது, மன்னிப்பு என்றால் எதற்கு என்று சொல்லிக் கேட்பது, ஒன்றும் பிடிபடவில்லை. மேலே தொட்டியில் தண்ணீர் இல்லை என்று யாரோ குரல் கொடுத்தார்கள். காவலாளி மோட்டார் போடப் போய்விட்டார்.